அடியாத நாய் படியுமா?

'அடியாத மாடு படியாது' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. மாட்டுக்குச் சொன்னதை வாத்தியார்கள் நம் மேல் பிரயோகித்துப் பார்த்தார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. வளரவே வளராது, வளையவே வளையாது என்று தெரிந்த பிறகும் எதற்காக அடிக்க வேண்டும்?

இந்த இரண்டு பழமொழிகளையும் ஒரு நாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாம், வாங்க.

உங்களிடம் ஒரு நாயை ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண். மூன்று வயது. பெல்ஜியன் மாலினாய்ஸ். சி.ஆர்.பி.எஃப். வைத்திருக்கிறதே, விறைத்த காதும் கறுத்த மூஞ்சியுமாக, அந்த ஜாதி. முப்பது கிலோவுக்குப் பக்கம். எல்லாக் கட்டளையும் அதற்குத் தெரியும். கழுத்தில் வார் இருக்கும் வரை 'உட்கார்' என்றால் உட்காரும். வாரைக் கழற்றிவிட்டால் நீங்கள் யாரோ, அது யாரோ. பிஸ்கட் நீட்டினால் மரியாதைக்கு வாயில் வாங்கி, கீழே துப்பிவிடும். ஆனால், பயிற்சியில் எதிராளி மாட்டியிருக்கும் தடித்த கையுறையை ஒரு தடவை கவ்விவிட்டால் போச்சு. 'விடு... விடு...' என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் விடாது. ஆறு வாரத்தில் இதைத் தேற்ற வேண்டும். தேறவில்லை என்றால் வேலையிலிருந்து நீக்கம். என்ன செய்வீர்கள்?

சாம, தான, பேத, தண்டம் என்று நம் பெரியவர்கள் நான்கு வழி சொல்லியிருக்கிறார்கள். பேதம் நாயிடம் எடுபடாது (அதற்கு ஓர் ஆபீஸ் வேண்டும்). சாமத்தைத்தான் கத்திப் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது தானமும் தண்டமும்.

முதலில் தண்டம். ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-ல் ஒரு கையேடு எழுதினார். உலகம் பூராவும் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வழியில்தான் நாய்களைப் பழக்கினார்கள். சொன்னதைச் செய்யவில்லையா, வாரைச் சுண்டி இழு. வலிக்கும். செய்தால் வலி நிற்கும். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இது வேலை செய்யும். அடி பலிக்காது என்று சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சொல்வது நிஜமில்லை. பலிக்கும். கூடவே வேறு எதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும் என்பதில்தான் சிக்கல். நம் மாலினாய்ஸ் கற்றுக்கொண்டது என்ன? வார் இருந்தால் வலி இருக்கிறது, வார் இல்லாவிட்டால் வலி இல்லை. கணக்கு ரொம்பத் தெளிவு. தப்பு அதன் மேல் இல்லை.

இன்னும் கடுமையாக அடித்தால்? அதையும் பார்த்துவிட்டார்கள். 1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மெயரும் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சோதித்தார்கள். சில நாய்கள் என்ன செய்தாலும் அதிர்ச்சியை நிறுத்த முடியாது. பிறகு, ஒரு தாவலில் தப்பித்துவிடக்கூடிய கூண்டுக்கு அவற்றை மாற்றியபோது, பெரும்பாலானவை தாவவே இல்லை. படுத்துக்கொண்டன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சமர்த்தாகத் தெரிந்திருக்கும். 'நம்ம பையன் இப்பல்லாம் எதுத்தே பேசறதில்ல' என்று பெருமைப்படும் அப்பாக்களை எனக்குத் தெரியும்.

இதில் பின்குறிப்பு ஒன்று உண்டு. அதே இருவரும் 2016-ல், தாங்கள் அன்று சொன்ன விளக்கம் தலைகீழ் என்று எழுதினார்கள். முடங்கிப்போவதை நாய் கற்றுக்கொள்ளவில்லையாம். துன்பம் நீடித்தால் முடங்குவது உயிர்களின் இயல்பு. 'நான் ஏதாவது செய்தால் நிலைமை மாறும்' என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதாம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தானம். 'பிளஸ் டூவில நல்ல மார்க் வாங்கு, பைக் வாங்கித் தர்றேன்.' இது லஞ்சமா, கூலியா? நாய் பழக்குகிறவர்கள் இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். பண்டத்தை முதலிலேயே காட்டி வேலை வாங்கினால் லஞ்சம். வேலை முடிந்த பிறகு எடுத்துக் கொடுத்தால் கூலி. லஞ்சத்துக்குப் பழகிய நாய் முதலில் உங்கள் கையைப் பார்க்கும், அப்புறம்தான் காதைக் கொடுக்கும். (எந்த அலுவலகத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை.)

கூலி என்றாலும் பிரச்னை தீரவில்லை. பரிசு கொடுத்துப் பழக்கும் வித்தையை விஞ்ஞானமாக்கிய பி.எஃப்.ஸ்கின்னர், தன் புறாக்களை வழக்கமாக அவற்றின் எடையில் 80 சதவிகிதத்துக்குக் குறைத்து வைத்துத்தான் சோதனை செய்தார். பசித்தால்தான் தானியம் பரிசு! பட்டினி போட்டுவிட்டுச் சோறு போடுவதை ஊக்கம் என்று சொல்லலாமா? தண்டத்தையே வேறு காகிதத்தில் பொட்டலம் கட்டியதுபோல் எனக்குப் படுகிறது.

ஸ்கின்னரின் சிஷ்யர்களான கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் விதவிதமான மிருகங்களைப் பழக்கி, அதையே தொழிலாகச் செய்தவர்கள். ரக்கூன் என்று பூனைக்கும் கரடிக்கும் நடுவில் ஒரு பிராணி. நாணயத்தை எடுத்து உண்டியலில் போட்டால் அதற்குத் தீனி. ஒரு நாணயம் வரைக்கும் சுமாராகப் போனது. இரண்டு நாணயம் கொடுத்ததும் ரக்கூன் அவற்றைக் கையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. உண்டியலுக்குள் விடும், மறுபடி வெளியே எடுக்கும், தேய்க்கும். தீனி எதிரே இருக்கிறது, கை விட மாட்டேன் என்கிறது. பி.காம். படித்த எனக்கு அந்த ரக்கூனை ரொம்பப் பிடிக்கும். தண்ணீரில் இரை பிடிக்கிற ஜாதியின் கை அது, தேய்க்கத்தான் செய்யும். 1961-ல் பிரேலண்ட் தம்பதி இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார்கள். எந்த உயிரும் வெற்றுப் பலகையாக நம்மிடம் வருவதில்லை, அதற்கென்று ஒரு விருப்பத்தோடு வருகிறது என்பதுதான் சாரம்.

சரி, நம் மாலினாய்ஸுக்கு என்ன விருப்பம்? அது கத்திக்கொண்டே இருக்கிறது, நாம்தான் கேட்கவில்லை. கவ்வ வேண்டும். துரத்த வேண்டும். இழுபறி விளையாட வேண்டும். 1959-ல் டேவிட் பிரிமேக் என்ற மனோதத்துவக்காரர் சொன்னார்: ஓர் உயிர் தானாக விரும்பிச் செய்வதையே, அது விரும்பாமல் செய்கிற காரியத்துக்குப் பரிசாகக் கொடுக்கலாம். 'சாதத்தை முடி, விளையாடப் போலாம்' என்று நம் பாட்டிகள் இதை எந்த டாக்டர் பட்டமும் வாங்காமலே சொல்லிவிட்டார்கள்.

அந்த 'விடு' விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து பிடுங்கப் பிடுங்க நாய் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஏன்? அதன் அனுபவத்தில், விட்டால் விளையாட்டு முடிந்தது. பொருள் போய்விடும், கூண்டுக்குத் திரும்ப வேண்டும். இப்போது மாற்றிச் செய்யுங்கள். நாய் ஒரு சாக்கு உருளையைக் கவ்வியிருக்கிறது. மறுமுனை உங்கள் கையில். இழுக்காதீர்கள். உருளையை உடம்போடு ஒட்டி அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இழுபறியில் உயிர் போய்விட்டது, நாய்க்குச் சலிக்கும். ஒருமுறை 'விடு' என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். எப்போதோ ஒரு கணம் வாய் தளரும். அந்தக் கணமே, மூச்சு விடுவதற்குள், 'பிடி!' என்று மறுபடி கொடுங்கள். ஆட்டம் தொடங்கட்டும். பத்துத் தடவை, இருபது தடவை. ஒரு நாள் அதற்குப் பொறி தட்டும்: அட, விட்டால் போய்விடாது, விட்டால்தான் திரும்பக் கிடைக்கும்! அப்புறம் 'விடு' என்ற சொல்லே அதற்கு நல்ல சேதி. செலிக்மன் விஷயத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதுதான் இங்கே நடக்கிறது. தன் செயலுக்கு உலகம் பதில் சொல்கிறது என்று ஒரு மூன்று வயது நாய் கண்டுபிடிக்கிறது. ஐந்தும் ஐம்பதும் இதில் எங்கே வந்தது?

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். நியாயமான கேள்வி. 'எல்லாம் சரி ஸார், கடைசியில் நீங்கள் நினைத்ததைத்தானே அது செய்கிறது? அடித்துச் செய்ய வைத்தால் அதற்கு விஷயம் தெரிந்திருக்கும். இப்போது ஏமாற்றப்பட்டதே தெரியாமல் வாலை ஆட்டுகிறது. இது இன்னும் மோசமில்லையா?'

சமாளிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. நாய் ஒன்றும் அவ்வளவு ஏமாளி இல்லை என்பது முதல் சமாதானம். 2009-ல் வியன்னாவில் ஒரு சோதனை. இரண்டு நாய்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கை கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றுக்குத் தீனி, மற்றதற்கு ஒன்றுமில்லை. வெறுங்கையோடு இருந்த நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. பக்கத்தில் யாருமில்லாமல், தீனியும் இல்லாமல் கேட்டபோது கொடுத்த அளவுகூட இப்போது கொடுக்கவில்லை. (ஒன்றுக்கு பிரெட், மற்றதற்கு சாஸேஜ் என்றால் கண்டுகொள்ளவில்லை. இன்கிரிமென்ட் வித்தியாசம் இன்னும் அவர்களுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது.)

இரண்டாவது சமாதானம்தான் எனக்கு முக்கியம். மாட்டேன் என்று சொல்ல அந்தப் பயிற்சியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களுக்குக் கட்டளையை மீறவும் கற்றுக்கொடுக்கிறார்கள். எஜமானர் 'போ' என்கிறார். எதிரே கார் வருகிறது. நாய் நகரக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, தன் எஜமானரின் சொல்லை மறுக்க வேண்டும். அமெரிக்கரான மாரிஸ் ஃப்ராங்க் 1928-ல் பட்டி என்ற நாயை மட்டும் நம்பி நியூயார்க் தெருவைக் கடந்தார், நிருபர்கள் வேடிக்கை பார்க்க. அடிக்குப் பயந்து மட்டுமே படிந்த ஒரு நாயிடம் அவர் தன் உயிரைக் கொடுத்திருக்க முடியுமா? பயந்த நாய், 'போ' என்றால் போய்விடும்.

அப்படியென்றால், நம் ஆறு வாரக் கணக்கு என்ன ஆகிறது? எல்லாம் செய்தும் அது இந்த வேலையே வேண்டாம் என்கிறதென்றால்? வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் கணிசமான நாய்கள் தேறுவதில்லை. அவற்றை வீட்டு நாயாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாகரிகமான ஏற்பாடு. ராணுவங்கள் இந்த நாகரிகத்துக்கு வர நாளானது. வியட்நாமில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான நாய்களில் பெரும்பாலானவற்றை அமெரிக்கா திருப்பிக் கொண்டுபோகவில்லை. பதிவேட்டில் அவை தளவாடம். தேய்மானம் போட்டுக் கணக்கிலிருந்து நீக்கப்படும் சாமான். வேலை முடிந்த ராணுவ நாயைப் பழைய ஹேண்ட்லரோ வேறு யாரோ வீட்டுக்குக் கூட்டிப்போக அங்கே வழி பிறந்தது 2000 நவம்பரில், கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தால். ராபி என்ற நாயின் பெயரில் வந்த சட்டம். அதுவும் ஒரு மாலினாய்ஸ். மூட்டுகள் வீங்கி, நடக்க முடியாமல் போய், 2001 ஜனவரியில் அதற்கு ஊசி போட்டுவிட்டார்கள். ராபி யார் வீட்டுக்கும் போகவில்லை.