மேல்மாடியில் ஒருவர்



2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கொழும்பில் அது பகலிலும் மே 26 வரை நீடித்தது. மரக்கறி லொறி ஒழுங்கைக்குள் வந்ததும் நாம் வாசலுக்கு ஓடினோம். வெளிநாட்டிலிருந்து வந்து, விமானமின்றி வெள்ளவத்தை மாடிகளில் அகப்பட்டவர்களோ, பிறஷர் குளிசை முடிந்தும் கீழே இறங்க அஞ்சினர். நோயைக் கொண்டுவந்தவர் என்ற நம் பார்வைக்குத்தான் அந்த அச்சம்.

அந்நியனாயிருந்தேன், ஏற்றுக்கொண்டீர்களா என்றே ஆண்டவர் தீர்வை நாளில் கேட்பார். கை கழுவினீர்களா என்றல்ல. (கழுவவும் வேண்டும்தான், பிலாத்துவைப்போல் அல்ல.)

கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்திலும் மக்கள் கூடாத அந்த உயிர்ப்பு ஞாயிறன்று, ஏப்ரல் 12இல், "உங்களுக்கும் ஒரு றாத்தல் பாண் எடுக்கட்டோ?" என்று மேலே குரல் கொடுத்தவர் எத்தனை பேர்?

இன்றும் உங்கள் மேல்மாடியில் யாரோ ஒருவர் குடியிருக்கிறார். அவர் பெயர் தெரியுமா?