விதைநெல்லும் இன்றைய கஞ்சியும்



பஞ்ச காலத்தில் ஒரு குடியானவன் வீட்டில் ஒரு கோட்டை விதைநெல் இருக்கிறது. குழந்தைகள் பசியால் அழுகின்றன. அந்த நெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சலாமா? காய்ச்சினால் இன்றைய பசி ஆறும். ஆனால் மழை பெய்யும் நாளில் விதைக்க ஒன்றும் இராது. காய்ச்சாவிட்டால், விதைப்பு நாள் வரையில் குழந்தை பிழைத்திருக்குமோ என்பதே சந்தேகம். அந்தத் தகப்பன் நெல்லைக் குத்தினால், அவனைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நம்மில் யார் துணிவோம்?

ஒரு வீட்டுக்கு வரும் இந்தச் சங்கடம் ஒரு ஜனசமூகம் முழுமைக்கும் வந்தால் என்ன செய்வது? ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாகப் பாலஸ்தீன மக்கள் இக்கேள்வியோடுதான் வாழ்ந்து வருகிறார்கள். தூரத்து விஷயம் என்று தள்ளிவிடாமல் சற்று நிதானமாய் ஆராய்வோமாக.

1967-ம் ஆண்டு யுத்தத்தில் மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலின் வசமாயின. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான பாலஸ்தீனர் விடியுமுன் எழுந்து, எல்லை கடந்து, இஸ்ரேலில் கட்டட வேலையும் தோட்ட வேலையும் செய்து, பொழுது சாய வீடு திரும்பலாயினர். 1980-களின் நடுவில் அவ்விரு பகுதிகளிலும் வேலை செய்வோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இப்படித்தான் பிழைத்தார்கள். உள்ளூரைவிட அங்கே கூலி அதிகம். அதைக்கொண்டு வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இதில் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் உழவன் தன் நிலத்தையும், தொழிலாளி தன் பட்டறையையும் விட்டுப் போகப் போக, உள்ளூரில் தொழில் தழைக்கவில்லை. நிலமும் நீரும் வாணிபமும் அயலார் உத்தரவுக்குக் கட்டுப்பட்டிருந்தபடியால், தழைக்க விடப்படவுமில்லை. காசாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸாரா ராய் என்ற அமெரிக்க அறிஞர், இது வெறும் ஏழ்மையன்று, வளரும் சக்தியே பறிக்கப்படுதல் என்று எழுதினார்.

கூலிக்குப் போகும் வழி எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம். 1993-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அடைபட்டது. அதற்குப் பிறகும் பலமுறை அடைபட்டது. 2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றபின் முற்றாக அடைபட்டது. அதற்கு முன் மேற்குக் கரையிலிருந்து மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சில நாட்களுக்குள் அவர்களில் பெரும்பாலோரின் பிழைப்புப் போயிற்று. திரும்பி வந்தால் கை கொடுக்க ஊரில் தொழிலும் இல்லை. விதைநெல் இல்லாத வீட்டின் நிலைமை இதுவே.

இரண்டாவதாக, வரி விஷயத்தைக் கவனியுங்கள். 1994-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸ் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி இரு பகுதிகளுக்கும் பெரும்பாலும் ஒரே சுங்கம். பாலஸ்தீனருக்கென வந்திறங்கும் சரக்குகளின் வரியை இஸ்ரேலே வசூலித்து, நூற்றுக்கு மூன்று பிடித்துக்கொண்டு, மீதியை மாதந்தோறும் பாலஸ்தீன ஆட்சியிடம் கொடுக்க வேண்டும். சொந்த நாணயம் கிடையாது. ஐந்து ஆண்டு இடைக்காலத்துக்கென்று செய்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இன்று அந்த ஆட்சியின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இவ்வழியாகவே வரவேண்டியிருக்கிறது. சச்சரவு மூளும்போதெல்லாம் இப்பணம் நிறுத்தப்பட்டது அல்லது குறைக்கப்பட்டது. 2019-ல் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. 2023-க்குப்பின் பிடித்தம் இன்னும் பெருகிற்று. பள்ளி ஆசிரியரும் மருத்துவத் தாதியும் 2021-ன் இறுதி முதல் முழுச் சம்பளம் காணாமல் தவிப்பதற்கு இது ஒரு பெருங் காரணம்.

இவ்விடத்தில் சிலர் சட்டென்று சொல்லுவார்கள்: “சுதந்திரம் வரட்டும், பொருளாதாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” வேறு சிலர் சொல்லுவார்கள்: “முதலில் செல்வம் பெருகட்டும், சுதந்திரம் தானே வரும்.” இரண்டு கட்சியும் பரீட்சிக்கப்பட்டுவிட்டன.

பெத்லகேமை அடுத்த பேத் ஸாஹூர் என்னும் சிற்றூரை நினைத்துக்கொள்ளுங்கள். இடையர்கள் கிடை காத்த வயல்வெளி என்று பாரம்பரியம் சொல்லும் ஊர் அது, பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 1987-ன் இறுதியில் தொடங்கிய எழுச்சியின்போது அவ்வூரார் வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிட்டார்கள். சொந்தமாகப் பால் கறக்க வேண்டுமென்று பதினெட்டுப் பசுக்களை வாங்கினார்கள். எங்கள் சம்மதமின்றி விதிக்கும் வரியைக் கட்டோம் என்றார்கள். 1989-ல் இராணுவம் ஊரை வாரக்கணக்கில் வளைத்து, வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்தது. பசுக்களையும் மறைத்து வைக்க வேண்டியதாயிற்று! அம்மக்கள் தலைநிமிர்ந்து நின்றார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் ஊரின் மன உறுதி மட்டும் ஒரு தேசத்தின் பொருளாதாரமாகிவிடாது.

மற்றக் கட்சியும் வெல்லவில்லை. 2005-ல் இஸ்ரேலியர் காசாவிலிருந்து தங்கள் குடியிருப்புகளை அகற்றிக்கொண்டபோது, அங்கிருந்த கண்ணாடித் தோட்டங்களை அயல்நாட்டார் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு வாங்கிப் பாலஸ்தீனருக்குக் கொடுத்தார்கள். சிலவற்றை உள்ளூராரே கொள்ளையிட்டார்கள். இதை ஒளிக்கக் கூடாது. எஞ்சியவற்றில் பயிர் விளைந்தது. ஆனால் எல்லை வாயில் அடிக்கடி அடைபட்டதால், ஏற்றுமதிக்கென்று பறித்த பழமும் காயும் அழுகிப்போயின. பிற்பாடு ஸலாம் பய்யாத் பிரதமராயிருந்து, கணக்கு வழக்குகளைச் சீர்செய்து, 2009-ல் ராஜ்ய நிர்மாணத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். 2011-ல் உலக வங்கி முதலான ஸ்தாபனங்கள், ஒரு ராஜ்யத்தை நடத்தும் தகுதி இவர்களுக்கு உண்டென்று சாட்சி சொல்லின. ராஜ்யமோ வரவில்லை.

அப்படியானால் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? இங்கே நாம் ஒரு பாகுபாடு செய்ய வேண்டும். செயல் ஒன்றானாலும், செய்பவனுடைய நிலைக்குத் தக்கபடி கடமை வேறுபடும்.

எல்லை கடந்து கல் சுமக்கும் கொத்தனார் தன் குழந்தைக்குச் சோறு போடுகிறார். அவரைத் துரோகி என்று திட்ட எவருக்கும் உரிமையில்லை. நாளைய சுதந்திரத்துக்காக இன்று நீ பட்டினி கிட என்று, வயிறு நிறைந்தவன் இன்னொருவனுக்கு உபதேசிப்பது அறமாகாது.

ஆள்வோர் நிலை வேறு. கூலியையும் கொடையையும் நம்பிக் காலந் தள்ளிவிட்டு, விதையைப் பற்றி நினையாதிருப்பது அவர்களைப் பொறுத்தவரை குற்றமே. அயல்நாட்டுக் கொடை 2008-ல் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 27 பங்காயிருந்தது. 2022-ல் மூன்று பங்காகக் குறுகிவிட்டது. 2007 முதல் மேற்குக் கரையும் காசாவும் இரண்டு கட்சிகளின் கையில் பிரிந்து கிடந்தன. 2006-க்குப் பிறகு பொதுத் தேர்தலே நடக்கவில்லை. மக்களுக்குக் கணக்குச் சொல்லாத ஆட்சி விதைநெல்லைக் காக்கும் என்று எப்படி நம்புவது?

ஆனால் எல்லாரிலும் கனத்த பொறுப்பு, களஞ்சியத்தின் சாவியை வைத்திருப்பவனுடையது. மேற்குக் கரை நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு, 1995-ம் ஆண்டு உடன்படிக்கையில் ‘சி’ பகுதி என்று குறிக்கப்பட்டு, இஸ்ரேலின் முழு அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே பாலஸ்தீனர் தாராளமாய்ப் பயிரிடவும் தொழில் நடத்தவும் விட்டால், அவர்களுடைய நாட்டு வருமானம் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயரக்கூடும் என்று 2013-ல் உலக வங்கி கணக்கிட்டது. தன் குடிகளைக் காக்க இஸ்ரேலுக்கு உரிமை உண்டு, அது மெய். ஆனால் காவல் வேறு, பிறன் வயலைப் பூட்டி வைத்தல் வேறு. வயலைப் பூட்டிவிட்டு, “இவன் விதைக்கமாட்டான், சோம்பேறி” என்று தூற்றுவது பொய்ச் சாட்சியம்.

ஆகையால் ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று அறிய ஓர் அளவுகோலை உங்கள் முன் வைக்கிறேன். இத்திட்டத்தினால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தெடுக்கும் சக்தி பெருகுமா, குறையுமா? எல்லை கடந்து பெறும் கூலி இன்று வேண்டியதே. ஆனால் அதில் ஒரு பங்கு உள்ளூர்த் தொழிலுக்கும் கூட்டுறவுக்கும் திரும்பினால் சக்தி பெருகும். ஒலிவ மரம் வெறும் காய்க்காக மட்டுமன்று. பராமரிக்கும் நிலம் கைவிட்டுப் போவது கடினம் என்பதற்காகவும் பேணத்தக்கது. கல்வியும் கைத்தொழிலும் எந்த வாயிலிலும் எளிதில் தடுக்கப்படாத சரக்குகள். யோக்கியமான கணக்கு நாளைய ராஜ்யத்துக்கு இன்றே போடும் அஸ்திவாரம். இவையே அவர்களுடைய விதைநெல்.

காசாவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே யுத்தத்தில் பதினாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2024-ல் காசாவின் உற்பத்தி, யுத்தத்துக்கு முன் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. மீட்சிக்கு 5,300 கோடி டாலருக்கு மேல் வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ஐ. நா. சபையும் உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் மதிப்பிட்டன. கொடுப்போர் ஒரு வரிசையை மறக்கலாகாது. முதலாவது சோறு, அதற்கு நிபந்தனை கூடாது. இரண்டாவது வேலை, இடிந்த வீட்டை அவ்வீட்டார் கையே கட்டட்டும், கூலி அவர்களுக்கே சேரட்டும். மூன்றாவது வாயில்; விளைந்ததை விற்கத் திறந்த வழி. மூன்றாவதில்லாமல் முதலிரண்டையும் கொடுப்பது, ஒருவனைச் சாகாமல் வைத்திருப்பதே தவிர வாழ வைப்பதாகாது.

வாசகர்களே, நாம் அந்நாட்டின் மந்திரிகள் அல்லோம். ஆயினும் செய்தித்தாளை விரித்துப் பேசும்போது நாமும் தீர்ப்புச் சொல்லுகிறோம். இனி அவ்விதம் பேசுமுன், கஞ்சி காய்ச்சிய தகப்பனை ஏசாதிருப்போம். விதையைக் காக்க வேண்டிய தலைவனிடம் கணக்குக் கேட்பதைத் தவறென்று எண்ணாதிருப்போம். சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று பாராமல் வாய் திறவாதிருப்போம்.