பேசாமல் நிற்கும் பிள்ளை



இன்று வாசிக்கக் கேட்ட மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், இயேசு மலையிலிருந்து இறங்கி வரும்போது கீழே ஒரே கூச்சல். சீடர்களும் மறைநூல் அறிஞர்களும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு தகப்பன், தன் மகனோடு. அவன் விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், உடல் விறைத்துப்போகிறது. எவ்வளவு காலமாக இப்படி என்று இயேசு கேட்கிறார். சின்ன வயதிலிருந்தே என்கிறார் தகப்பன்.

இந்தப் பகுதி முழுவதிலும் அந்த மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. தகப்பன் பேசுகிறார், சீடர்கள் பேசுகிறார்கள். அவன் அசையாமல் கிடந்தபோது, செத்துவிட்டான் என்று முடிவு கட்டுவதும் சுற்றி நின்றவர்கள்தான்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. சிறு வயதிலிருந்தே வலிப்போடு வளர்ந்த பையனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. “எப்படி இருக்கீங்க தம்பி?” என்று டாக்டர் அவனைத்தான் கேட்கிறார். “போன மாசம் ரெண்டு தடவ வந்துச்சு சார்” என்று பதில் சொல்வது அம்மா. அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். மாத்திரை எண்ணிக் கொடுத்து, இரவெல்லாம் கண்விழித்துக் காத்த தாய் அவர். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எத்தனை முறை வந்தது என்பதை அம்மா சொல்லலாம். உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எப்போது வருமோ என்ற பயம் அடங்குவதில்லை. பேருந்தில், வகுப்பறையில், பீடத்தில் வாசகம் வாசிக்கும்போதுகூட அது உடன் நிற்கிறது. கூடப் படித்தவர்கள் பைக்கில் வேலைக்குப் போகிறார்கள். இவன் வண்டி ஓட்டக்கூடாது. பெண்பிள்ளை என்றால் இன்னும் கொடுமை. விஷயத்தை மறைத்துக் கட்டிக்கொடுக்கிறோம். அவள் மாத்திரையைப் பவுடர் டப்பாவில் ஒளித்து வைக்கிறாள். மாமியார் கண்ணில் படாமல் விழுங்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள். அதனாலேயே மறுபடி வலிப்பு வருகிறது. இப்படி வாழும் மனம் சோர்ந்துபோவதில் என்ன வியப்பு? மனச்சோர்வும் பதற்றமும் வலிப்பு உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. சில வலிப்பு மாத்திரைகளே மனத்தைச் சோர்வடையச் செய்வதும் உண்டு. அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். நாமாக நிறுத்தக் கூடாது.

திருச்சபையும் இவர்களைக் காயப்படுத்தியிருக்கிறது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், குருப்பட்டம் பெறத் தடையுள்ளவர்களைச் சொல்லும்போது வலிப்பு நோயாளிகளையும் பேய் பிடித்தவர்களையும் ஒரே வரிசையில் வைத்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஊர்ப் பேச்சில் மட்டும் வலிப்பும் பேயும் இன்னும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. நற்செய்தி, அக்கால மக்கள் புரிந்துகொண்ட விதத்தில், இந்த நோயைத் தீய ஆவியின் வேலையாகச் சொல்கிறது. வலிப்பு மூளையில் எழும் மின் கோளாறு என்று இன்று நமக்குத் தெரியும். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு அது உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே, வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, அடங்கும்வரை கூட இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செபக் கூட்டத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்று பிள்ளை சொன்னால், அப்படிப் பேசுவது பாவம் என்று வாயை அடைக்காதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. குழந்தை இயேசுவின் புனித தெரேசா, காசநோயில் கிடந்த கடைசி மாதங்களில், உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு வந்த வேதனையை உடனிருந்த சகோதரிகளிடம் மறைக்கவில்லை. 1897-இல், 24 வயதில் இறந்தார். திருச்சபை அவரை 1925-இல் புனிதராகவும் 1997-இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது. மனம் உடைவதை விசுவாசக் குறைவு என்று எந்தப் பிள்ளையிடமும் இனி சொல்லாதிருப்போம்.

செத்துவிட்டான் என்று பலரும் சொன்ன அந்த மகனின் கையை இயேசு பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான்.

பெற்றோரே, அடுத்த முறை டாக்டர் அறைக்குள் உங்கள் பிள்ளையைக் கொஞ்ச நேரமாவது தனியாக அனுப்புங்கள். இளையோர் குழுவினரே, விழுந்துவிடுவான் என்று வலிப்பு உள்ள நண்பனைச் சுற்றுலாவுக்கு அழைக்காமல் விடாதீர்கள். நோயோடு வளர்ந்து, இன்று உள்ளுக்குள் நொறுங்கியிருக்கும் தம்பி, தங்கையே, வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.