பழுப்புத் தண்ணீர்

உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம், டை கட்டிய அந்தத் தம்பி. பகல் பதினோரு மணி. வீட்டில் பெரியவர்கள் மட்டும். 'தண்ணி டெஸ்ட் இலவசம் சார்!'

இரண்டு டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவர் கொண்டுவந்தது. கம்பி நீட்டிய கருவியை விட்டு ஸ்விட்சைத் தட்டினால், நம்ம தண்ணீர் சாக்கடை நிறம்! 'இதையா பேரனுக்குக் குடுக்கறீங்க?' என் அப்பா பதினாலாயிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பழுப்பு, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. நல்ல குடிநீரும் இந்தப் பரீட்சையில் ஃபெயில்தான்.

'அறிவு வேண்டாமாப்பா?' என்று கத்தினேன். பி.காம். திமிர். 'வாங்குபவரே, உஷார்!' என்றுதானே படித்தோம்? பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், 16-வது பிரிவு. உஷார் சொன்ன கையோடு விலக்கும் சொல்கிறது: தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அதற்கு உதவ வேண்டிய பொறுப்பு விற்பவருடையது.

நம்பிக்கைக்குச் சட்டம் கொடுத்த மரியாதையை மகன் கொடுக்கவில்லை.

பலன்? மொட்டை மாடி ஒழுகும் என்று பயமுறுத்தி இன்னொருவன் மூவாயிரம் வாங்கிப் போனதை, மாசக்கணக்கில் என்னிடம் மறைத்துவிட்டார்.

உங்கள் அப்பா ஏமாந்து நின்றால், முதலில் காபி கொடுங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். பிள்ளைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பெரியவர்தான் அடுத்த ஏமாற்றுக்காரனின் மூலதனம்.