அழைக்கப்படாதவர்கள்

விமானி ஆபத்தில் ரேடியோவில் 'மேடே' என்று மூன்று முறை சொன்னால், அதைக் கேட்டவர் சும்மா இருக்கக் கூடாது. யாரும் அழைக்காதவருக்குக் கடமை உண்டா?

குன்னூர் எஸ்டேட் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். 2021 டிசம்பர் 8 முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர், காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். ஊர்க்காரர்களிடம் ரேடியோ ஏது? சத்தம் கேட்டது, புகை தெரிந்தது. குடத்துத் தண்ணீரோடு ஓடினார்கள். வீட்டுக் கம்பளியில் கிடத்தியே காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். டிசம்பர்க் குளிரில், இந்த மலையில், கம்பளியைக் கொடுப்பதென்றால் அன்றைய இரவுத் தூக்கத்தையே கொடுப்பது.

யாரையும் பெயர் சொல்லி அழைக்காத குரல் ஒன்று பாகவதத்திலும் உண்டு. முதலையிடம் சிக்கிய யானை கஜேந்திரன் யார் பெயரையும் சொல்லவில்லை. மூலப்பொருளே என்றுதான் கதறியது. பிரம்மா முதலான தேவர்கள் 'நம்மை இல்லை' என்று இருந்துவிட்டார்கள் என்கிறது பாகவதம். திருமால் வந்தார். வந்ததால்தான் அது அவரை அழைத்த குரல் ஆயிற்று என்று நான் படிக்கிறேன்.

ஆனால் யானை பிழைத்தது. இங்கே 13 பேர் அன்றே போனார்கள். உயிரோடு மீட்கப்பட்டிருந்த குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15-இல் போனார். அதனால் அந்த ஓட்டம் வீணாகிவிட்டதென்று யாராவது சொன்னால், என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.