தாகத்தில் வாடவில்லை, மூச்சு முட்டி வாடியது

ஓம் சரவணபவ!



எங்க வீட்டு முன்னாடி ரெண்டு செவ்வரளி, ஒரு செம்பருத்தி. அப்பா வைத்தது. செவ்வாய்க்கிழமைன்னா அவரே பூப் பறித்து முருகனுக்கு மாலை கட்டுவார். அப்பா போய், தலைதிவசமும் முடிந்துவிட்டது. செடிகளை அம்மா பார்த்துக்கிட்டாங்க. அம்மாவை நான் பார்த்துக்கிட்டேன். அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்.

எனக்கு வீட்டிலிருந்தே ஐடி வேலை. "மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா, வெளியே போகாதே, நான் வாங்கிட்டு வரேன்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டே இருப்பேன். கந்த சஷ்டிக்குத் தெரு ஆட்களோடு திருச்செந்தூர் போகட்டுமான்னு அம்மா கேட்டாங்க. மழைக்காலம், சுகர் வேற, வேண்டாம்னுட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. பேச்சு மட்டும் குறைஞ்சு போச்சு.

அந்த ஐப்பசி மழையில் செடிகளின் இலை மஞ்சளாகிக் கொட்டியது. மழை விட்ட பிறகு கிளையெல்லாம் துவண்டு தொங்கியது. வாடிய செடிக்குத் தண்ணீர்தானே? ஊத்தினேன். உரமும் போட்டேன். இன்னும் மோசமானது.

நர்சரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். செடி ஓரமாக ஒரு சாண் தோண்டினார். குழிக்குள் தண்ணீர் ஊறியது, அழுகல் வாடை வந்தது. "தம்பி, இது தாகத்துல வாடல. மூச்சு முட்டி வாடுது" என்றார்.

வேருக்கும் காற்று வேணும். மண்ணுக்குள் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளியில்தான் அந்தக் காற்று இருக்கு. எங்க ஏரியா களிமண்ணில் மழைத் தண்ணீர் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு இறங்காமல் நிற்கும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிட சுமார் 10,000 மடங்கு மெதுவு. மூச்சில்லாத வேர் அழுகிவிடும். அழுகிய வேரால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் உறிஞ்ச முடியாது. அதனால்தான் காய்ந்த செடி மாதிரியே வாடுகிறது.

தண்ணீரையும் உரத்தையும் நிறுத்தினோம். நின்ற தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினோம். செம்பருத்தியை மெதுவாக எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரை நறுக்கிவிட்டு, மக்கிய உரம் கலந்த மண்ணை ஒரு அடி மேடாகக் குவித்து அதன் மேல் நட்டோம். குழி தோண்டி நல்ல மண் நிரப்பினால் போதாதான்னு கேட்டேன். களிமண்ணில் அது தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். (அரளிப் பால் விஷம். வெட்டினால் கையை நன்றாகக் கழுவுங்கள்.)

பள்ளத்தில் இருந்த அரளி பிழைக்கவில்லை.

அன்று ராத்திரி பூஜை அறையில் பழனியாண்டவர் படத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பழம் கிடைக்காத கோபத்தில் பிள்ளை குன்றேறி நின்றான். அம்மையப்பன் தேடி வந்தார்கள், சமாதானம் சொன்னார்கள். ஆனால் கையைப் பிடித்து இழுத்துக்கிட்டுப் போகல. அவன் நின்ற இடத்திலேயே நிற்க விட்டார்கள். அந்த இடம்தான் இன்று நமக்குப் படைவீடு.

அன்பு தண்ணீர் மாதிரி. இல்லாமல் உயிர் இல்லை. வடிய வழியில்லாமல் தேங்கினால் அதுவே வேரை அழுக்கும். நான் அம்மாவுக்குக் காவல் என்று நினைத்தது பாதி என் பயம். அப்பா மாதிரி இவங்களும் போயிடுவாங்களோ என்ற பயம். அந்தப் பயத்தை முருகன் காலடியில் வைத்திருக்கணும். அம்மா தலையில் கொட்டிவிட்டேன்.

மறுநாள் அம்மாவிடம், "திருச்செந்தூர் போயிட்டு வாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "அப்பா வேட்டி ஒண்ணு எடுத்துட்டுப் போறேன், கடல்ல நனைச்சிட்டு வரேன்" என்றாங்க. இத்தனை நாளாக அந்த ஆசை உள்ளே இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

கார்த்திகையில் செம்பருத்தி துளிர் விட்டது. பூ இன்னும் வரல. வரும்.

அன்பர்களே, உங்க வீட்டில் யாராவது வாடியிருந்தால், இன்னும் ஒரு குடம் ஊத்தும் முன்னாடி ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!