திரும்பிப் போகிறவர்களின் ஊழியம்

பெங்களூரிலிருந்து வயதான பெற்றோர் பலர் ஆறு மாதத் தங்கலுக்கு அமெரிக்கா போகிறார்கள். மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு வேலை, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பெட்டியில் பருப்புப்பொடியும் பிள்ளைபெற்றாள் மருந்தும் போகின்றன. எதிர்த்திசையில் வேறு சிலர் வருகிறார்கள். யூட்டா போன்ற மாநிலங்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அறுபதைத் தாண்டி, பேரப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு இங்கே ஊழியத்துக்கு வரும் தம்பதிகள். மார்மன் சபை என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அவர்களை அனுப்புகிறது. தென்னிந்தியாவில் அச்சபையின் பணிக்குப் பெங்களூர்தான் தலைமையிடம். இந்தியாவில் தன் முதல் ஆலயத்தை இந்நகரில் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்து, 2020 டிசம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியது.

இந்தத் தம்பதிகளுக்குச் சம்பளம் இல்லை. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சொந்த ஓய்வூதியத்திலும் சேமிப்பிலும் போகின்றன. ஆறு மாதம் முதல் இருபத்து மூன்று மாதம் வரை இருப்பார்கள், பிறகு ஊர் திரும்பிவிடுவார்கள். இப்படி வருவது சரியா?

முதலில் எழும் ஆட்சேபம் குடும்பத்தைப் பற்றியது. சொந்தப் பேரனின் முதல் பிறந்தநாளைக் கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதில் என்ன நியாயம்? கேள்வி கடுமையானதுதான். ஆனால் முதியவர்களின் மிச்சக் காலம் முழுவதும் பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நாற்பது வருடம் உழைத்து, பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதருக்குத் தன் காலத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பும் முதுமையை நம் மரபும் வானப்பிரஸ்தம் என்று மதித்தே வந்திருக்கிறது. வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்து, அவரைக் கவனிக்க வேறு ஆளும் இல்லை என்றால் நியாயம் மாறிவிடும். அப்போது கிளம்புவது தொண்டாகாது.

இதைவிடக் கனமான கேள்வி இந்தப் பக்கம் இருக்கிறது. பெற்றுக்கொள்பவர்களுக்கு என்ன ஆகிறது?

வரும் தம்பதிகளின் வாரம் எளிமையானது. ஞாயிறு ஆராதனை, திங்கள் துணி துவைத்தலும் காய்கறிக் கடையும், மற்ற நாட்களில் அலுவலகக் கணக்கு, இளம் ஊழியக்காரர்கள் தங்கும் வீடுகளைப் பார்வையிடுதல், சக்கர நாற்காலி, குடிநீர் போன்ற உதவித் திட்டங்கள். மாலையில் வீடு சந்திப்பு. இந்த வீடு சந்திப்பில்தான் அறத்தின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் கிழக்குப் பெங்களூர்த் தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். ஒற்றை அறை வீடு. விருந்தாளி வருகிறார் என்றதும் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வருகின்றன. அடுப்பில் பால் ஏறிவிட்டது. ஆனால் இந்தச் சபையார் காபியும் குடிப்பதில்லை, டீயும் குடிப்பதில்லை. அது அவர்களுடைய சமய ஒழுக்கம். வந்தவரை ஒன்றும் குடிக்க வைக்காமல் அனுப்ப அந்த அம்மாவுக்கு மனம் வராது. பையனிடம் ஐம்பது ரூபாயைக் கொடுத்து மூலைக் கடைக்கு ஓட்டி, குளிர்பானம் வாங்கிவரச் செய்கிறார். அன்றைய பால் கணக்கை விட அது அதிகச் செலவு. தன் விரதத்தின் விலையை அடுத்தவர் கொடுக்கிறார் என்பது விருந்தாளியின் கண்ணில் படுகிறதா? பட்டால், கதவருகிலேயே “தண்ணீர் போதும்மா” என்று சொல்லி உட்காருவார். இவ்வளவு சின்னக் கவனத்திலும் அறம் இருக்கிறது.

அடுத்தது நோக்கம். இந்திய அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்நாடகம் 2022இல் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம், மதமாற்றத்துக்காகத் தரும் பரிசையும் இலவசக் கல்வியையும்கூட ஆசைகாட்டுதல் என்ற கணக்கில் சேர்த்தது. அதைத் திரும்பப் பெற 2023 ஜூனில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் அன்பையும் குற்றத்தையும் ஒரே வலையில் பிடிக்கும் அளவுக்கு அகலமானது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆனால் அந்தச் சட்டத்தின் பின்னால் இருக்கும் சந்தேகத்துக்கு ஒரு வேர் உண்டு. பசித்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் முன்னால் நிற்கும் வசதிபடைத்த வெளிநாட்டவரின் எந்த வார்த்தையும் வெறும் வார்த்தையாக விழுவதில்லை. நோக்கம் இருப்பது தவறில்லை, அதை மறைப்பதுதான் தவறு. எதற்காக வந்தோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டு, உதவியை அந்தச் சபைக்கு வராதவருக்கும் அதே அளவில் கொடுப்பவர் மீது குறை சொல்ல இடமில்லை.

கடைசியாக, காலம். தங்கியவர்களே உண்மையான ஊழியர்கள், பதினெட்டு மாதத்தில் திரும்புவோர் வந்துபோகும் பயணிகள் என்று எளிதில் சொல்லிவிடலாம். லண்டன் மிஷனைச் சேர்ந்த பெஞ்சமின் ரைஸ் 1837இல் பெங்களூர் வந்து ஐம்பது ஆண்டுகள் ஊழியம் செய்து இங்கேயே இறந்தார். அவர் வந்த ஆண்டே இங்கு பிறந்த மகன் லூயிஸ் ரைஸ்தான் பிற்காலத்தில் மைசூர் நாட்டின் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர். தெற்கே தமிழ்நாட்டில் மிஷனரி கால்டுவெல்லும் மனைவி எலைசாவும் இடையன்குடியிலேயே அடக்கமானார்கள். ஒடிசாவில் 1999 ஜனவரியில் கணவரையும் இரண்டு சிறு மகன்களையும் ஒரு கும்பல் வண்டியோடு எரித்துக் கொன்ற பிறகும், மிஷனரி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் பாரிபதாவின் தொழுநோயாளர் இல்லத்தை விட்டு 2004 வரை போகவில்லை. இவர்கள் முன் பதினெட்டு மாதம் மிகச் சிறியதாகத்தான் தெரியும்.

ஆனாலும் நீளத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஐம்பது ஆண்டு தங்கியவர்களுக்குப் பின்னால் ஒரு பேரரசு இருந்தது. சபையின் சாவியை உள்ளூர்க்காரர் கையில் கொடுக்க மிஷன்கள் பல தலைமுறை தயங்கின. தென்னிந்தியத் திருச்சபை உருவாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறுகிய காலம் வருபவரால் அப்படி ஆள முடியாது, அது ஒரு நன்மை. எட்வின், எல்சி தர்மராஜு தம்பதியின் கதை இங்கே பொருந்தும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அவர்கள் சமோவாவில் வேலை பார்த்தபோது இந்தச் சபையில் சேர்ந்தார்கள். 1978 டிசம்பரில் ஊழியக்காரர்களாகச் சொந்த ஊர் வந்து சில மாதங்களே தங்கினார்கள். உறவினர் இருபத்திரண்டு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். தம்பதி போன பிறகும் சபை நின்றது, ஏனென்றால் அது அந்த ஊர் மனிதர்களுடையதாக ஆகியிருந்தது.

பெங்களூர் வரும் முதிய தம்பதிக்கும் இதுவே பொருந்தும். வீடு சந்திக்கப் போகும்போது உள்ளூர் விசுவாசி ஒருவரும் கூடப் போகவேண்டும். இவர்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தக் கதவைத் தட்ட ஒருவர் இருப்பார். தங்களால் மட்டுமே தொடர முடிகிற உதவியைத் தொடங்கக் கூடாது. ஒரு மாணவிக்கு மூன்று வருடப் படிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னால், பணம் மூன்று வருடமும் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, “தாத்தா” என்று கூப்பிடத் தொடங்கும் குழந்தைக்குப் போகும் மாதத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வளர்த்த பாசம் பிரிவன்று ஏமாற்றமாகத்தான் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை புதுத் தாத்தா பாட்டியைப் பெற்று இழக்கும் பிள்ளை, மூன்றாவது தம்பதியிடம் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது. அந்தக் காயத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியது அனுப்புகிற சபை.

வரவேற்கிறவர்களுக்கும் கடமை உண்டு. எழுபது வயதில் வெயிலில் படியேறி வருபவரை அமெரிக்க விசாவுக்கு வழியாகவும், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆளாகவும் மட்டும் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த முதியவரும் தன் பேரப்பிள்ளையை விட்டு வந்த மனிதர். அவருக்கு இரவில் நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியது அந்தத் தெருதான்.